கானாவில் வாங்கிய மணியும் துணியும்: 9 வருடத்துக்குப் பிறகு

கணவரின் வேலைக்காக 3 வருடம் கானாவின் தலைநகர் அக்ராவில் இருந்தோம். ஊர் திரும்பும்போது பெட்டியில் பாதி எடை என் துணியும் மணிமாலைகளும்தான். 9 வருடம் ஆகிவிட்டது. எது தாங்கியது, எப்படி வைத்துக்கொள்கிறேன் என்று பலர் கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் மாலை. கொஃபோரிடுவாவில் வியாழக்கிழமை கூடும் மணிச்சந்தையில் வாங்கியது. க்ரோபோ மக்கள் செய்யும் கண்ணாடி மணி. பழைய பாட்டில்களை உடைத்து, இடித்துச் சலித்து, அந்தப் பொடியைக் களிமண் அச்சின் குழிகளில் நிரப்புவார்கள். ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரவள்ளி இலைக்காம்பு ஒரு துண்டு நிற்கும். உலையில் காம்பு எரிந்துபோக, அது நின்ற இடமே துளை. அப்புறம் மணலும் தண்ணீரும் விட்டுக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்குவார்கள்.

வாங்கிய புதிதில் துளைக்குள் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்து ஊசியால் சுரண்டினேன். அது அச்சில் மணி ஒட்டாமல் இருக்கத் தடவும் வெண்களிமண். இப்போது எங்கே இந்த மணியைப் பார்த்தாலும் முதலில் துளையைத்தான் பார்க்கிறேன்.

மணி ஒன்றுகூட இதுவரை உடையவில்லை, நிறமும் மங்கவில்லை. போனது கயிறுதான், இரண்டு முறை. ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது அறுந்து சிதறியது. இலைக்கு அடியிலெல்லாம் தேடியும் 3 மணி கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் பாசி கோக்கும் அக்காதான், "துளை சொரசொரன்னு இருக்கும்மா, நூலை அறுத்துடும். மெழுகு தேச்ச நூல்ல மணிக்கு மணி முடிச்சு போட்டுத் தர்றேன்" என்றார். அதற்குப் பிறகு 6 வருடமாக அப்படியே இருக்கிறது. இடையில் வரும் பித்தளை உருண்டைகள் வியர்வை பட்டுப் பச்சையாகிவிடும். அவற்றை மட்டும் புளியால் லேசாகத் துடைத்துக் காயவைத்தால் போதும்.

அடுத்து கென்டே என்ற கைத்தறி நெசவில் ஒரு சால்வை. குமாசிக்குப் பக்கத்தில் உள்ள போன்வீரேயில் வாங்கினேன். அங்கே தறியில் ஏறுவது அகலத் துணி இல்லை. சுமார் 4 அங்குலப் பட்டைதான். அந்தப் பட்டைகளைக் கரையோடு கரை சேர்த்துத் தைத்தால்தான் துணி. என்னுடையதில் 5 பட்டை. நாலாவது வருடம் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு விட்டுப்போனது. கிழிந்துவிட்டது என்று பதறிப்போனேன். கிட்டத்தில் பார்த்தால் நெசவில் ஒரு இழைகூட அறவில்லை, பட்டைகளைச் சேர்த்த தையல்தான் பிரிந்திருந்தது. தையல்காரர் ஓவர்லாக் அடித்துத் தருகிறேன் என்றார். அடித்தால் கரையை வெட்டிவிடும், பக்கத்துப் பட்டையோடு கட்டங்களும் பொருந்தாது. வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டத்துக்குக் கட்டம் குண்டூசி குத்தி, இரண்டு ராத்திரி உட்கார்ந்து கையாலேயே தைத்தேன். இன்று எது பழைய தையல், எது என் தையல் என்று எனக்கே தெரியவில்லை.

9 வருடத்தில் அதை நனைத்தது இரண்டே முறை, பூந்திக்கொட்டைத் தண்ணீரில். மற்றபடி நிழலில் காற்றாட விடுவேன். மடிக்காமல் பழைய வேட்டியோடு சுருட்டி வைக்கிறேன். மடித்த இடத்திலேயே மடித்தால் இழை நைந்துபோகும்.

மரப்பட்டைச் சாயத்தில் சுரைக்குடுக்கை அச்சை முக்கிக் குத்தும் அடின்க்ரா துணி ஒன்றும் இருக்கிறது. சாயம் இறங்கிவிடும் என்பதால் நனைப்பதே இல்லை, சுவரில் மாட்டிவிட்டேன்.

தினசரிக்கு வாக்ஸ் பிரிண்ட் எனும் அச்சுப் பருத்தித் துணிப் பாவாடைகள்தான். இதற்கு வேர், மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் ஜாவாவின் பாத்திக். அதைப் பார்த்து டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் அச்சடித்தது மேற்கு ஆப்பிரிக்காவில்தான் நிலைத்தது. அங்கே ஒவ்வொரு டிசைனுக்கும் பெயர் வைத்து, அதைத் தங்கள் துணியாகவே ஆக்கிக்கொண்டார்கள். நல்ல வாக்ஸ் பிரிண்டுக்கு உள்புறம், வெளிப்புறம் என்று கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே நிறம். வாரம் ஒருமுறை மெஷினில் போட்டும் என் நீலப் பாவாடை நன்றாகவே இருக்கிறது.

ஏமாந்ததும் உண்டு. திரும்பி வந்தபின் ஆசையில் 'கென்டே குர்தா' என்று ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். வெறும் பிரிண்ட், உள்பக்கம் வெள்ளை. நாலு துவையலில் வெளுத்தது. படத்தில் துணியின் பின்பக்கத்தைக் காட்டாத கடையில் இப்போது வாங்குவதில்லை.

2024 டிசம்பரில் கென்டே நெசவை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த செய்தி வந்தபோது சால்வையைப் பிரித்து மகளிடம் காட்டினேன். அவளோ மாலையைக் கேட்டாள். சரி என்று 11 மணியை எடுத்து, அதே அக்காவிடம் அவள் கைக்கு ஒரு சரம் கோக்கக் கொடுத்தேன். மீதி மாலை எனக்கு இப்போது கழுத்தோடு ஒட்டி நிற்கிறது.