பின்னங்கால் தளர்ந்த நாய்க்கு எது கைகொடுக்கும்? தண்ணீர் நடை, அக்குபங்சர், மூலிகை, ஹோமியோபதி

வயதான லாப்ரடார் காலையில் எழுந்திருக்க இரண்டு மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துவிடும். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டுவார், வலி மாத்திரை எழுதித் தருவார். மாதக்கணக்கில் கொடுத்தால் சிறுநீரகம் என்ன ஆகுமோ என்ற பயத்தில்தான் பலரும் மாற்று வழி தேடுகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் அப்படித் தேடும்போது கிடைக்கும் வழிகள் எல்லாம் ஒரே தரம் இல்லை.

அதற்கு முன் ஒன்று. நேற்றுவரை ஓடிய டாக்ஸ்ஹுண்ட் இன்று திடீரென்று பின்னங்கால்களை இழுத்தால், அது முதுகெலும்பு வட்டு பிதுங்கியதாக இருக்கலாம். அங்கே எந்த மாற்று வழிக்கும் நேரம் இல்லை. பின்னங்கால் விரலை டாக்டர் இடுக்கியால் அழுத்தினாலும் நாய்க்கு வலி தெரியவில்லை என்றால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். இங்கே பேசுவது மெதுவாக வரும் மூட்டுத் தேய்மானத்தைப் பற்றி.

என் ஓட்டு தண்ணீருக்குத்தான். கண்ணாடித் தொட்டிக்குள் ஓடும் பட்டையில் நாயை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரை ஏற்றி நடக்க விடுவார்கள். நீர் முழங்கால் அளவு இருந்தால் கால்கள் தாங்குவது உடல் எடையில் சுமார் 85 சதவீதம். இடுப்புவரை ஏறினால் சுமார் 38 சதவீதம்தான். வலிக்குப் பயந்து காலைத் தூக்கி வைத்திருந்த நாய் அதே காலை ஊன்றி மடக்கி நடக்கிறது, கரைந்துபோன தொடைச் சதை மெல்லத் திரும்புகிறது. இதய நோய், ஆறாத காயம் இருந்தால் மட்டும் வேண்டாம். தொட்டி வசதி பெரிய ஊர்களில்தான் கிடைக்கும். மற்றவர்கள் பழைய துண்டை நீளமாக மடித்து, அடிவயிற்றுக்குக் கீழே பின்னங்கால்களை ஒட்டிக் கொடுத்து, இரு முனையையும் மேலே லேசாகப் பிடித்துக்கொண்டு தினமும் கொஞ்ச தூரம் நடத்தலாம். டைல்ஸ் தரையில் நாய் நடக்கும் வழியெல்லாம் ரப்பர் விரிப்பு போடுங்கள். வழுக்கி விழும் ஒவ்வொரு முறையும் மூட்டு புதிதாகக் காயப்படலாம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது எடை. 2002இல் வெளியான ஆய்வில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. குண்டாகிவிட்ட நாய்களில் எடை 6 சதவீதம் குறைந்தாலே நொண்டல் குறைகிறது. 35 கிலோ நாய்க்கு அது இரண்டே கிலோ! பிஸ்கட்டையும் நெய்ச்சோற்றையும் நிறுத்தினால் போதும்.

அடுத்தது அக்குபங்சர். கால்நடை மருத்துவர்களுக்கான சர்வதேச அக்குபங்சர் சங்கம் 1974இலிருந்து இருக்கிறது, முறையாகப் பயிற்சியும் தருகிறது. 2010இல் பிரேசிலிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. வட்டு பிதுங்கி, கடும் பாதிப்போடு 48 மணி நேரம் தாண்டிவிட்ட நாய்களில், மின் அக்குபங்சர் (குத்திய ஊசிகளில் மெல்லிய மின்சாரம் செலுத்துவது) பெற்ற 19இல் 15 தேறின, அறுவை மட்டும் நடந்த 10இல் 4 தேறின. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் அது சிறிய ஆய்வு, பழைய பதிவுகளைப் புரட்டி எடுத்த கணக்கு. மூட்டுத் தேய்மானத்துக்கு அந்த அளவு சான்றும் இல்லை. மருந்தோடு கூடவே சில வாரம் செய்து பார்க்கலாம், ஆபத்து குறைவு. ஊசி போடுபவர் கால்நடை மருத்துவராக இருக்க வேண்டும்.

மூலிகையில்தான் நம் வீடுகளில் அதிகம் தவறு நடக்கிறது. மாட்டு மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுகிறார்கள். தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கும் முறை அது. மாட்டுப் புண்ணுக்குக் காய்ச்சும் எண்ணெயில் குப்பைமேனியோடு பூண்டும் சேரும். அதையே நாய்க்குத் தடவினால் நக்கிவிடும். பூண்டும் வெங்காயமும் நாய், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வலிக்கும் காலில் கற்பூர எண்ணெய், யூகலிப்டஸ் தைலம் தேய்த்தாலும் நக்கிவிடும், அவையும் உள்ளே போனால் நஞ்சுதான், பூனைக்கு இன்னும் மோசம். மஞ்சள் உடலில் மிகக் கொஞ்சமே ஏறும். ரத்தம் உறைவதையும் அது தாமதப்படுத்தக்கூடும் என்பதால், வலி மாத்திரையோடு கொடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இந்தக் கூட்டத்தில் மூட்டுக்கு நல்ல சான்று உள்ளது மீன் எண்ணெய் ஒன்றுக்குத்தான். காட் லிவர் ஆயில் வேறு, அதில் வைட்டமின் ஏ, டி மிகுந்துவிடும்.

ஹோமியோபதியை நான் சொல்ல மாட்டேன். 30சி என்று எழுதிய குப்பியில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சாத அளவுக்கு நீர்த்திருக்கும். பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ் 2017இல் இதைப் பற்றி அறிக்கையே வெளியிட்டது: சான்றுள்ள சிகிச்சைக்குப் பதிலாக இது வரக் கூடாது. "கொடுத்தேன், நடந்தது" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. மூட்டு வலி தானாகவே ஏறி இறங்கும், பாசத்தோடு பார்ப்பவர் கண்ணுக்கு நாய் தேறியதாகவும் தெரியும். வெற்று மாத்திரை கொடுத்த நாய்களில்கூட இது பதிவாகியிருக்கிறது. அதனால் எந்த வழியை எடுத்தாலும் வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நாய் நடப்பதை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து வரிசையாகப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கையில் காசு குறைவா? எடைக் குறைப்பு, தரை விரிப்பு, துண்டு நடை, மீன் எண்ணெய் என்ற வரிசையில் போங்கள். அப்புறம் மிச்சம் இருந்தால் தண்ணீர்த் தொட்டி, அதற்கும் மேல் அக்குபங்சர். வலி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீரகம், கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே, நடை தேறத் தேற டாக்டரே அளவைக் குறைப்பார். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையும் ஐபுப்ரோஃபெனையும் மட்டும் எந்த நிலையிலும் தொடாதீர்கள். பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரைப் பறித்துவிடும்.