ஏழு பேருக்கு ஒரு வட்டமேசை: கிளிநொச்சி பிரைட் ரைஸா, கொழும்புச் சீன விருந்தா?

அம்மாவுக்கு அறுபது வயது நிறைந்த மாதத்தில் தம்பி கனடாவிலிருந்து வந்து நின்றான். அவன் திரும்பும்போது எல்லோருமாகக் கட்டுநாயக்க வரை போய் வழியனுப்புவதாக முன்பே பேசியிருந்தோம். அம்மாவுக்கான விருந்தை எங்கே வைப்பது என்பதில்தான் வீட்டுக்குள் இரண்டு கட்சிகள் உருவாகின. கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் நாங்கள் வழக்கமாகப் போகும் சைனீஸ் கடையில் மேல்மாடியைச் சொல்லிவைத்தால் போதும் என்றார் அண்ணா. விமானத்துக்கு முதல்நாள் இரவு கொழும்பில் தங்கத்தானே போகிறோம், அங்கே நல்ல சீன உணவகம் ஒன்றில் அம்மாவை உட்கார வைப்போம் என்றேன் நான். கடைசியில் கொழும்புக்கே போனோம். அண்ணா சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதே கேள்வியை இப்போது பலரும் என்னிடம் கேட்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

தூரம், விலை, குளிரூட்டி, வாகனம் நிறுத்தும் இடம் ஆகியவற்றில் எது எங்கே வெல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீட்டருக்கு மேல். சாப்பிடுவதற்காக மட்டும் யாரும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வேறு அலுவலாகப் போகிறவர்களுக்குத்தான் இது.

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் சைனீஸ் என்று நாம் சொல்வது தனி ஒரு சமையல். பிரைட் ரைஸ், நூடில்ஸ், சொப்சி, டெவல் கோழி, வெண்ணெய் மணக்கும் பொரித்த கணவாய் எல்லாம் இலங்கைத் தீவில் நம் நாக்குக்கு ஏற்ப வளர்ந்தவை. அவற்றைப் போலி என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தெருவில் நின்று பார்த்தாலே தாச்சிக்குக் கீழே தீ சீறுவது தெரியும். சோறு தாச்சியில் துள்ளி, ஓரத்தில் இலேசாகக் கருகி, புகை வாசத்தோடு பீங்கானுக்கு வரும். அந்த வாசத்துக்காகவே சீனச் சமையல்காரர்கள் ஆயுள் முழுவதும் தாச்சியோடு போராடுகிறார்கள். எங்கள் ஊர்க் கடையின் பிரைட் ரைஸ், கொழும்பில் நாங்கள் சாப்பிட்டதற்கு ஒரு பருக்கைகூடக் குறைந்ததல்ல. சோறுதான் விருந்து என்றால் ஊரை விட்டு நகரவே வேண்டாம்.

கொழும்பில் நான் சொல்லும் வகை வேறு. காலி முகத்திடலில் 2017இல் திறந்த ஷங்ரி-லாவின் ஷாங் பேலஸ், தாஜ் சமுத்ராவின் கோல்டன் டிராகன், சினமன் லேக்சைடின் லோங் ஃபெங் போன்ற பெரிய ஹோட்டல் உணவகங்களும் அந்தத் தரத்தில் தனியாக நடப்பவையும் இதில் அடங்கும். இந்த வகை இடங்களில் நான் சாப்பிட்டது இரண்டே முறை. இரண்டும் வெவ்வேறு உணவகங்கள். ஆகவே எந்தக் கடை சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த இரண்டு இரவுகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் எனக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டியது.

முதல்முறை நானும் கணவரும் மட்டும் போனோம். சின்னச் சதுர மேசை. இரண்டு பேருக்கு நான்கு வகை சொன்னோம். இரண்டு வகை வந்ததுமே வயிறு நிறைந்துவிட்டது. முழு மீன் கேட்க முடியவில்லை, வாத்தைப் பற்றி நினைக்கவே முடியவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தபோது இருவரும் ஒன்றும் பேசவில்லை. இதற்கு ஊரிலேயே சாப்பிட்டிருக்கலாம் என்றுதான் இருவர் மனத்திலும் ஓடியது.

இரண்டாம்முறை ஏழு பேர். அம்மா, அண்ணா, அண்ணி, அவர்களுடைய மகள், தம்பி, நாங்கள் இருவர். நடுவில் சுழலும் தட்டு வைத்த வட்டமேசை. எட்டு வகை உணவு வந்தது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வாய். சீன விருந்து அந்தக் கணக்கில்தான் சமைக்கப்படுகிறது என்பது அன்றுதான் விளங்கியது. மீனும் வாத்தும் முழுதாக வரும். கீரை ஒரு பெரிய பீங்கானில் வரும். அவற்றைப் பங்கிட ஆட்கள் இருந்தால்தான் அந்தச் சமையலுக்குப் பொருள். இருவராகப் போனால் நான்கு சுவைக்குக் கொடுக்கும் பணத்தில், ஏழு பேராகப் போனால் தலைக்கு எட்டுச் சுவை கிடைக்கும். சமையல்காரரின் திறமை, அலங்காரம், ஹோட்டலின் பெயர் எல்லாம் இதற்குப் பிறகுதான். ஆறு பேருக்குக் குறைவாக இருந்தால் கொழும்புச் செலவு வேண்டாம் என்பது என் முடிவு. எட்டுப் பேர் என்றால் மிகப் பொருத்தம்.

மேசையின் வடிவத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. எங்கள் வீட்டில் அம்மா எல்லோருக்கும் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார். இடம்பெயர்ந்து மரத்தடியில் சமைத்த நாட்களிலும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். ஊர்க் கடையில் சாப்பிட்டாலும் தன் பீங்கானிலிருந்து கோழியை எடுத்துப் பேத்தியின் பீங்கானில் வைத்துவிடுவார். வட்டமேசையில் அதற்கு வழியே இல்லை. தட்டு சுழன்று முதலில் அவர் முன்னால் வந்து நின்றது. அவர் எடுக்கும்வரை யாரும் அதைத் தள்ளவில்லை. இரண்டு முறை தன் கரண்டியைத் தம்பியின் பக்கம் நீட்டிப் பார்த்தார். "அம்மா, அது எனக்கும் வரும், நீங்கள் எடுங்கள்" என்றான் அவன். மூன்றாவது வகையிலிருந்து தானாகவே எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அவர் எல்லோரோடும் சேர்ந்து, சூடாக, முதல் வாயிலிருந்து கடைசி வாய்வரை சாப்பிட்டதை நான் அதற்கு முன் பார்த்ததாக நினைவில்லை.

மேசையை முன்பதிவு செய்யும்போது "வட்டமேசை வேண்டும், நடுவில் சுழலும் தட்டு வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லா மேசையும் அப்படி இருப்பதில்லை. நீளமேசையில் ஏழு பேரை வரிசையாக உட்கார்த்தினால் ஓரத்தில் இருப்பவருக்கு மீன் வந்துசேரும்போது முள்தான் மிஞ்சியிருக்கும்.

இனி அந்த மீன். கலவாய் ஒன்றை முழுதாக ஆவியில் அவித்து, இஞ்சியும் வெங்காயத்தாளும் நூல்போல் அரிந்து மேலே தூவி, சோயா சோஸ் விட்டு, கடைசியில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றிக் கொண்டுவந்தார்கள். தூளும் இல்லை, புளியும் இல்லை. முல்லைத்தீவுக் கரையில் பிறந்த அம்மாவுக்கு மீனைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இப்படிச் சமைத்தால் பழைய மீன் ஒரு வாயிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அம்மா கண்ணைப் பார்த்தார், முள்ளோரச் சதையைத் தொட்டுப் பார்த்தார், தலையாட்டினார். மீனின் தலையை விருந்தில் மூத்தவரின் பக்கம் திருப்பி வைப்பது சீன வழக்கம். பரிமாறிய பையன் கேட்டுத் தெரிந்துகொண்டு அம்மாவின் பக்கம் திருப்பினான். மேல்பக்கச் சதை முடிந்ததும் அண்ணா மீனைப் புரட்டப் போனார். பையன் தடுத்து, நடுமுள்ளை அப்படியே தூக்கி எடுத்துவிட்டான். மீனைப் புரட்டினால் படகு கவிழும் என்பது தென்சீனக் கடலோர மக்களின் நம்பிக்கையாம். அம்மாவின் தமையன் இன்றும் கடலுக்குப் போகிறவர். அம்மா சிறிது நேரம் பேசாமல் அந்தப் பீங்கானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிம்சம் என்ற ஆவிப் பலகாரங்கள் மூங்கில் கூடைகளில் வந்தன. நீற்றுப்பெட்டியில் பிட்டு அவிப்பவர்களுக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. இறால் வைத்த உருண்டையின் ஓரம் பல்லுக்கொழுக்கட்டையைப் போல மடித்திருந்தது. மேல்தோல் மட்டும் உள்ளே இருக்கும் இறாலின் நிறம் தெரியும் அளவுக்கு மெல்லியது. அம்மா ஒன்றைக் கையில் எடுத்து மடிப்புகளை எண்ணினார். சீனர்களும் அப்படி எண்ணித்தான் சமையல்காரரின் கையை அளப்பார்கள் என்று தம்பி சொன்னான். பீக்கிங் வாத்தின் தோல் மொறுமொறுவென்று நன்றாகவே இருந்தது. ஆனால் வாழ்க்கையில் நான் சாப்பிட்ட ஒரே பீக்கிங் வாத்து அதுதான். அது நல்ல வாத்தா, நடுத்தரமா என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. வேண்டுமென்றால் முதல்நாளே சொல்லிவைப்பது நல்லது.

அண்ணாவுக்கு உறைப்புப் போதவில்லை. நாங்கள் அதுவரை சாப்பிட்டது தென்சீனத்துக் கன்ரன் சமையல், அதில் உறைப்பை எதிர்பார்க்கக் கூடாது. அதனால் உறைப்புக்குப் பெயர்போன சிச்சுவான் மாகாணத்து வகை ஒன்று எடுத்தோம். அதில் போடும் மிளகு நம் மிளகின் இனமே அல்ல. எலுமிச்சை, நாரத்தைக் குடும்பத்து மரம் ஒன்றின் காய்த்தோல். நாக்கு உறைப்பதற்குப் பதிலாக விறைக்கும். அண்ணாவின் மகள் விரும்பிச் சாப்பிட்டாள். அம்மா ஒரு வாயோடு வைத்துவிட்டார்.

நண்டு மட்டும் அங்கே வாங்காதீர்கள். இலங்கைச் சேற்று நண்டுக்குச் சிங்கப்பூர்வரை பெயர் இருக்கிறது. நந்திக்கடலிலும் நாயாற்றிலும் நண்டு பார்த்து வளர்ந்தவர்கள் அதையே கொழும்பில் நிறைக்கு விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. முருங்கையிலை போட்டு வீட்டில் வைக்கும் நண்டுக்கறிக்கு அருகில் எந்த ஹோட்டலும் வராது.

சைவம் சாப்பிடுகிறவர் கூட வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மரக்கறி என்று எழுதியிருக்கும் கீரையின் மேலே ஊற்றுவது பல இடங்களில் ஒய்ஸ்டர் சோஸ். அது கடற்சிப்பியிலிருந்து வருவது. சூப்பும் பெரும்பாலும் கோழி அல்லது எலும்பு அவித்த நீர். சில ஆவிப் பலகாரங்களில் இறாலோடு பன்றி இறைச்சியும் கலந்திருக்கும். மாடு, பன்றி விலக்கும் வீட்டுக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை போவதைத் தவிர்த்துவிடுங்கள். ஊர்க் கடையில் இந்தக் கவலை குறைவு. சமைக்கிறவரை நமக்குத் தெரியும், ஒரு சொல் போதும்.

செலவை மறைக்காமல் சொல்கிறேன். தலைக்கு வந்த தொகையில் கிளிநொச்சியில் நான்கு பேர் வயிறாரச் சாப்பிடலாம். விலைப்பட்டியலில் இருக்கும் தொகையை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் கடைசியில் அதிர்ச்சிதான். 10% சேவைக் கட்டணமும், 2024 ஜனவரியிலிருந்து 18% ஆகிவிட்ட வற் வரியும் பெரும்பாலும் தனியாகச் சேரும். 10,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 12,800 ரூபாயாவது கையில் வேண்டும். நாங்கள் மூன்று வீட்டுக்காரரும் பங்கு போட்டோம். தம்பி தானே கட்டுவதாக அடம்பிடித்தான், அண்ணா விடவில்லை.

கொழும்பில் குடும்பங்கள் நடத்தும் பழைய சீனக் கடைகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. விலை குறைவு, அளவு தாராளம். ஆனால் நான் சாப்பிட்டவரை அங்கே கிடைப்பது நம் ஊர்ச் சமையலுக்குத்தான் நெருக்கம். அதற்காக நேரம் ஒதுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

விருந்தின் நடுவில் அம்மா "பிள்ளை, சோறு எப்போது வரும்?" என்று மெதுவாகக் கேட்டார். சீன விருந்தில் சோறு கடைசியில்தான் வரும் என்று சொல்லவேண்டியிருந்தது. வந்தபோது ஆளுக்கு ஒரு கரண்டிக்குமேல் யாராலும் முடியவில்லை. வயதானவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் பாதி விருந்தைச் சோற்றுக்காகக் காத்திருந்தே விட்டுவிடுவார்கள்.

நானும் கணவரும் மட்டும் என்றால் இன்றும் ஊர்க் கடைக்குத்தான் போகிறோம். போன வாரமும் போனோம். ஒரு புல் பிரைட் ரைஸ், ஒரு டெவல் கோழி, வீட்டுக்கு ஒரு பார்சல்.

முல்லைத்தீவிலிருந்து மாமா வந்திருந்தபோது அம்மா அந்த மீனின் கதையைத்தான் முதலில் சொன்னார். புரட்டாமல் முள்ளை எப்படி எடுத்தார்கள் என்பதை மாமா இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அடுத்த வருடம் தம்பி வரும்போது எட்டாவது கதிரை அவருக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.