‘கூஷெந்த்’ என்ற ஒரு சொல்லை நம்பி நான் கட்டிய 12,300 குரோனர்

கோயம்புத்தூரிலிருந்து ஓஸ்லோவுக்கு வந்து இரண்டு மாதமே ஆன ஒரு பெண் நேற்று முன்தினம் எனக்கு ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தார். “அக்கா, இந்த நார்வேஜிய வகுப்பில் சேர்ந்துவிட்டேன், நல்ல இடம்தானே?” என்று கேட்டிருந்தார். திறந்து பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. நிறுவனத்தின் பெயர் வேறு, ஆனால் சிரித்துக்கொண்டு நிற்கும் நான்கு இளைஞர்களும், பின்னாலிருக்கும் மலையும் கடலும், கீழே பொடி எழுத்தில் ஒரு சொற்றொடரும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. அதே ஆட்களா என்று சொல்லத் தெரியவில்லை. தந்திரம் அதேதான். ஏமாந்த கதையைச் சொல்ல வெட்கப்பட்டு இத்தனை ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மூடிக்கொண்டிருப்பது சரியில்லை.

நான் வந்தது 2018 ஆகஸ்டில். கணவருக்குத் திறன்சார் வேலைக்கான அனுமதி, எனக்குக் குடும்ப அனுமதி. அன்றைய சட்டப்படி எங்களைப் போன்றவர்கள் 300 மணி நேரம் படித்தாக வேண்டும்: மொழி 250 மணி, நார்வேச் சமூகத்தைப் பற்றிய பாடம் 50 மணி. அதற்கான சான்று இல்லாமல் நிரந்தர வதிவிட அனுமதிக்குப் போக முடியாது. அகதிகளாக ஏற்கப்பட்டவர்களுக்கும், நார்வேக் குடிமக்களை மணந்து வந்தவர்களுக்கும் அந்தப் படிப்பு இலவசம். எங்களுக்குக் கடமை உண்டு, உரிமை கிடையாது. கட்டாயம் படிக்க வேண்டும், காசும் நாமே கட்ட வேண்டும். கொம்யூனிலிருந்து, அதாவது நம் ஊர் நகராட்சி போன்ற உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து, இதை விளக்கி ஒரு கடிதம் வந்தது. நார்வேஜிய மொழியில் இருந்ததால் குளிர்பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு, நாளைக்குப் படிக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் விளம்பரம் கண்ணில் பட்டது. 12 வாரத்தில் ஒரு நிலை, மாலை வகுப்பு, கட்டணம் 5,700 குரோனர். கீழே ‘கூஷெந்த் லேரெப்லான்’ என்று இருந்தது. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன்: ‘அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டம்’. அங்கீகாரம் என்ற சொல்லைப் பார்த்ததும் மனம் அமைதியாகிவிட்டது. எதற்கும் அரசு முத்திரை கேட்கும் நாட்டிலிருந்து வந்தவள் நான். முத்திரைக்கு மயங்குவது எங்கள் ரத்தத்தில் ஊறியது.

ஓஸ்லோவின் க்ரென்லாண்ட் பகுதியில், ஒரு காய்கறிக் கடைக்கு மேலே அறை. நாங்கள் 22 பேர். புத்தகம் கிடையாது, ‘பாடப்பொருள்’ என்று தனியாக 900 குரோனர் வாங்கிக்கொண்டு நகலெடுத்த தாள்களைத் தந்தார்கள். என் தாளில் கோடிட்ட இடங்கள் எல்லாம் ஏற்கெனவே பென்சிலால் நிரப்பப்பட்டிருந்தன. யாரோ ஒரு பழைய மாணவரின் புத்தகத்தை விரித்து வைத்து நகலெடுத்திருக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில் அந்த மாணவர் தப்பாக எழுதிய விடையும் 22 பேருக்கும் சிந்தாமல் சிதறாமல் வந்து சேர்ந்தது.

முதல் ஆசிரியை நல்லவர், அதைச் சொல்லியாக வேண்டும். ‘ஷ’வும் இல்லாமல் ‘ச’வும் இல்லாமல் நார்வேஜிய மொழியில் ஓர் ஒலி இருக்கிறது. நம் ‘ய’வுக்கு நாக்கை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் ஊதினால் வரும். கோழி, இறைச்சி, திரையரங்கு, வாங்குவது என்று அன்றாடச் சொற்கள் பலவும் அதில்தான் தொடங்குகின்றன. கையை வாய்க்கு முன்னால் வைத்துக் காற்று படுகிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு மாலை முழுவதும் அதையே பழக்கினார். ‘கூஷெந்த்’ என்ற சொல்லின் நடுவிலும் அந்த ஒலிதான் இருக்கிறது. தமிழில் எழுத வேறு வழியில்லாமல் ‘ஷெ’ என்று போடுகிறேன். ஐந்தாவது வாரம் அவர் வரவில்லை. சம்பளம் தரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்து வந்தவர் கைபேசியைப் பார்த்து வாசித்தார். மூன்றாமவர் எங்களை வரிசையாக ஆளுக்கு ஒரு வாக்கியம் படிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் நின்றார். ஒரு மாலையில் என் வாயிலிருந்து ஐந்தாறு வாக்கியங்கள் வந்தால் அதிகம்.

இவ்வளவும் தெரிந்து இரண்டாம் நிலைக்கும் ஏன் பணம் கட்டினாய் என்று கேட்பீர்கள். வெளியே மூன்று மணிக்கே இருட்டிவிடும் டிசம்பர் மாதம். வாரத்தில் இரண்டு மாலையாவது மனித முகம் பார்க்கலாமே என்று கட்டினேன். இந்த முறை அட்டை இயந்திரம் பழுது என்றார்கள். உரிமையாளரின் கைபேசி எண்ணுக்கு விப்ஸில், அதாவது இங்கே எல்லாரும் பணம் அனுப்பப் பயன்படுத்தும் கைபேசிச் செயலியில், அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன்.

2019 மே மாதம் சான்றிதழ் கொடுத்தார்கள். கெட்டியான தாள், கொடியின் படம், நீல மையில் கையொப்பம். 250 மணி நேரம் என்று போட்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி, 24 வாரம்: எப்படிக் கூட்டினாலும் 96 மணிதான் வருகிறது. வீட்டுப்பாட நேரமும் சேர்த்தி என்றார்கள். நான் எதுவும் கேட்கவில்லை, உள்ளுக்குள் மகிழ்ந்தேன். 250 மணிக் கடன் சுளுவாகத் தீர்ந்தது என்று நினைத்தேன். இதை மறைத்தால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை. நம் பேராசையில் ஒரு துளி கலந்துதான் இந்த வியாபாரம் ஓடுகிறது.

ஜூன் மாதம் கொம்யூன் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், நிறுவனத்தின் பெயரைக் கணினியில் தட்டினார், மறுபடியும் தட்டினார். மொழிப் பயிற்சி தரும் தனியார் நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருவது அப்போது கொம்பெதான்சே நோர்கே என்ற அரசு அமைப்பு. அதன் பட்டியலில் இந்தப் பெயர் இல்லை. விளம்பரத்தின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். அவர் பென்சிலின் பின்முனையால் ‘லேரெப்லான்’ என்ற சொல்லைத் தொட்டார். “அங்கீகாரம் பெற்றது பாடத்திட்டம். அதை எவரும் எடுத்து நடத்தலாம். நடத்துகிற நிறுவனத்துக்கு அங்கீகாரம் இல்லை” என்று நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு ‘டெஸ்வேரெ’ என்றார். ‘வருந்துகிறேன், முடியாது’ என்பதற்கு இங்கே அந்த ஒரு சொல் போதும். என் கணக்கில் ஏறிய மணி நேரம்: சுழியம். வீட்டுக்கு வந்து குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த கடிதத்தைச் செயலியில் போட்டுப் படித்தேன். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் மட்டும் சேருங்கள் என்று இரண்டாம் பத்தியிலேயே இருந்தது.

நிறுவனத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். முதலாவதற்கு மட்டும் பதில் வந்தது, அதுவும் ‘டெஸ்வேரெ’யில் தொடங்கியது. முதல் நிலைக்கும் தாள்களுக்கும் கடன் அட்டையில் கட்டியிருந்த 6,600 குரோனரை வங்கி திருப்பிக் கொடுத்தது. விற்றவர் ஏமாற்றினால் கடன் அட்டை தந்த வங்கியிடமே கோர இங்கே சட்டம் இடம் தருகிறது. ரசீது, விளம்பரப் படம், கொம்யூனின் பதில் மூன்றையும் சேர்த்து அனுப்பினேன், மூன்று மாதம் ஆனது. விப்ஸில் போன 5,700 போனதுதான். ஃபொர்லிக்ஸ்ரோடெட் என்ற சமரச மன்றத்துக்குப் போகலாம் என்றார்கள். மனுவை நார்வேஜிய மொழியில் எழுத வேண்டும். அந்த மொழியைக் கற்றுத் தராததைத்தான் புகாராக எழுத வேண்டும். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

உண்மையில் மொழி வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். நூலகத்தில் நடக்கும் ஸ்ப்ரோக்கஃபேயில், அதாவது காப்பி குடித்துக்கொண்டு பேசிப் பழகும் இலவசக் கூட்டத்தில், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் உதவிக்கு வருவார். எண்பதுகளின் இறுதியில் நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்று, மீன் வெட்டிக்கொண்டே மொழி பிடித்தவர். என் கதையைக் கேட்டுவிட்டு, “பிள்ளை, காசு கட்ட முதல் கொம்யூனிலே ஒரு சொல் கேட்டிருக்கலாமே” என்றார். ஓராண்டாக யாரும் சொல்லாததை ஒரு வாய்க் காப்பிக்குள் சொல்லிவிட்டார். வீட்டில் ட்ரொண்ட்ஹெய்ம் பல்கலைக்கழகமான என்டிஎன்யூவின் இலவச இணையப் பாடங்களையும், எளிய மொழியில் வரும் ‘க்லார் தாலெ’ செய்தித்தாளையும் படித்தேன். பிறகு அங்கீகாரம் பெற்ற இடத்தில் மறுபடி பணம் கட்டி 300 மணியை முடித்தேன்.

இப்போது விதிகள் மாறிவிட்டன. 2021 ஜனவரி 1 முதல் நடப்பிலிருக்கும் ஒருங்கிணைப்புச் சட்டம் மணிக்கணக்கைவிட எட்ட வேண்டிய மொழி நிலையை முன்னால் வைக்கிறது. குடியுரிமைக்கு வேண்டிய பேச்சுத் தேர்ச்சி 2022 அக்டோபர் 1 முதல், ஐரோப்பிய மொழி அளவுகோலில் அடிப்படை நிலையான ஏ2-இலிருந்து இடைநிலையான பி1-ஆக உயர்ந்துவிட்டது. தூண்டிலும் அதற்கேற்ப மாறியிருக்கிறது. அந்தப் பெண் அனுப்பிய விளம்பரத்தில் ‘மூன்று மாதத்தில் பி1, உத்தரவாதம்’ என்று இருந்தது. பி1 கொடுப்பது நொர்ஸ்க்ப்ரோவெ என்ற அரசுத் தேர்வு. படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தனித்தனி முடிவு. பேச்சுத் தேர்வில் முன்பின் தெரியாத இன்னொருவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கு எந்த வகுப்புக்காரர் உத்தரவாதம் தர முடியும்?

ரசீதில் ஒன்பது இலக்க நிறுவன எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ப்ரென்னெய்சுண்ட் பதிவகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். எப்போது தொடங்கியது, என்ன தொழில் என்று பதிந்திருக்கிறது, திவாலானதா என்பதெல்லாம் தெரியும். என் ரசீதில் எண்ணே இல்லை. விப்ஸில் கட்டச் சொல்லி எட்டு இலக்கக் கைபேசி எண்ணைக் கொடுத்தால் பணம் தனி ஆளுக்குப் போகிறது என்று பொருள். நிறுவனங்களுக்கு அதைவிடச் சிறிய எண் உண்டு. சேரும் முன் கொம்யூனுக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். இணையத்தில் சேர்ந்து பணம் கட்டியிருந்தால், பொதுவாக 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். ‘அங்ரெரெட்’ என்பார்கள், மனம் மாறும் உரிமை. இந்த உரிமையைப் பற்றி விற்றவர் உங்களுக்குச் சொல்லவே இல்லையென்றால் காலம் இன்னும் 12 மாதம் நீளும். வகுப்பு தொடங்கிவிட்டால், நடந்த வகுப்புகளுக்கு மட்டும் பிடித்துக்கொள்ளக்கூடும்.

அந்தப் பெண் பணம் கட்டி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. நேற்றிரவு என் சமையலறை மேசையில் இருவரும் உட்கார்ந்து விலகல் கடிதத்தை எழுதினோம். நார்வேஜிய மொழியில் ஐந்து வரி, அவர் சொல்லச் சொல்ல நான் திருத்தினேன். இன்று காலை பதில் வந்துவிட்டது, முதல் சொல் ‘டெஸ்வேரெ’. இரவு உணவுக்குப் பிறகு இரண்டாவது கடிதம் எழுத வருகிறார். இந்த முறை சட்டப் பிரிவின் எண்ணையும் சேர்க்கிறோம்.