லட்சம் தொண்டைக்கு ஒரு பாட்டு: அமெரிக்கக் கல்லூரி மைதானத்திலிருந்து நான்கு

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் தங்கள் அணி டச்டவுன் போட்டதும், அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுத்ததும், பேண்டு ஒரு பாட்டை எடுக்கும். ஃபைட் சாங் என்பார்கள். ஒரே ஆட்டத்தில் பல தடவை கேட்பதால் எந்தப் பாட்டும் காதுக்குப் பழகிவிடும். ஆனால் பழகுவது வேறு, மனசில் தங்குவது வேறு. பாடிப் பழக்கமே இல்லாத கூட்டத்துக்கு அந்தப் பாட்டு என்ன வேலை கொடுக்கிறது? இந்த நான்கு பல்கலைக்கழகப் பாட்டுகளிலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மிச்சிகனின் 'தி விக்டர்ஸ்' 1898-ல் பிறந்தது. அந்த ஆண்டு தேங்க்ஸ்கிவிங் நாளில் சிகாகோ அணியை அதன் ஊரிலேயே 12-11 என்று மிச்சிகன் மடக்கியது. பேண்டு அப்போது பிரபலமாக இருந்த ஒரு கேளிக்கைப் பாட்டை வாசித்தது. இசை மாணவர் லூயிஸ் எல்பெலுக்கு அது போதவில்லை. இவ்வளவு பெரிய வெற்றிக்குக் கம்பீரமான பாட்டு வேண்டும் என்று தானே உட்கார்ந்து எழுதினார்.

அதன் பல்லவியை ஹார்மோனியத்தில் வாசித்துப் பாருங்கள், சூட்சுமம் புரியும். 'ஹெயில்' (வாழ்க) என்று காந்தாரத்தில் ஒரு நீட்டு. பிறகு சரிக, சரிக. அடுத்த 'ஹெயில்' மத்தியமத்தில். பிறகு ரிகம, ரிகம. பாட்டு வகுப்பில் முதல் மாதம் சொல்லிக்கொடுக்கும் வரிசை மாதிரியேதான். ஒரு படி ஏறியதும் அடுத்த படி எங்கே என்று காதுக்கே தெரிந்துவிடுகிறது. மற்ற வார்த்தைகள் தெரியாதவரும் 'ஹெயில்' வரும்போது முஷ்டியை உயர்த்திக் கத்தலாம். ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கைகள் உள்ள மைதானத்தில் அத்தனை கையும் ஒரே சொல்லுக்கு எழும்புகிறது.

நோட்டர்டேமின் 'விக்டரி மார்ச்' 1908-ல் பதிப்புரிமை பெற்றது. அங்கேயே படித்த ஷே சகோதரர்கள் செய்தது: இசை மைக்கேல், வரிகள் ஜான். வெறும் மெட்டாக எடுத்தால் நான்கில் இதுவே அழகு என்பேன். ஆனால் அது பேண்டுக்கான அழகு. தொடக்கத்து 'சியர், சியர்' போன பிறகு வாக்கியங்கள் நீளமாக ஓடுகின்றன. புதிதாக வந்தவர் முணுமுணுக்கத்தான் முடியும். இருந்தாலும் அந்த மெட்டின் உறுதிக்கு 2022 ஒரு சாட்சி. பெண்கள் சேர்க்கப்பட்டு 50 ஆண்டு ஆனதையொட்டி, மகன்கள் அணிவகுக்கிறார்கள் என்ற வரியில் மகள்களையும் சேர்த்தார்கள். 'ஆர் மார்ச்சிங்' இருந்த இடத்தில் 'அண்ட் டாட்டர்ஸ்'. மூன்று அசைக்கு மூன்று அசை, மெட்டு இம்மியும் நகரவில்லை. இவ்வளவு சுத்தமான திருத்தம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

டென்னசி கதை தலைகீழ். அங்கே அதிகாரபூர்வப் பாட்டு வேறு. கூட்டம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது 'ராக்கி டாப்'. 1967-ல் பிரையன்ட் தம்பதி எழுதிய மலைநாட்டுப் பாட்டு அது. விளையாட்டைப் பற்றி அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. விட்டு வந்த மலைக்கான ஏக்கம்தான் முழுக்க. 1972-ல் பேண்டு வாசிக்க ஆரம்பித்தது, ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். வரிகளுக்கு நடுவே 'வூ' என்று கத்துவதையும் கூட்டமே சேர்த்துக்கொண்டது.

டெக்சாஸ் ஏ அண்ட் எம்மின் 'வார் ஹிம்' உடம்பால் பாடும் பாட்டு. முதல் உலகப் போர் முடிந்து, ரைன் நதிக்கரையில் காவலுக்கு நின்ற மரீன் வீரர் ஜே.வி. வில்சன் எழுதியது. 'ஹல்லபலூ, கனெக், கனெக்' என்று அர்த்தமில்லாத ஒலிகளோடு தொடங்கும். கடைசியில் எதிரியான டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சின்னமான காளையின் கொம்பை அறு என்கிற இடம். அப்போது பக்கத்தில் இருப்பவரின் தோளில் கை போட்டு, கால்களைப் பின்னிக்கொண்டு, ஒரு வரிசை இடப்பக்கம் சாய, அடுத்த வரிசை வலப்பக்கம் சாயும். மைதானமே ரம்பமாகிவிடும். 2011-க்குப் பிறகு அந்த இரண்டு அணிகளும் மோதவே இல்லை, 2024 வரை. அத்தனை வருஷமும், எதிரே வராத காளையின் கொம்பை விடாமல் அறுத்துக்கொண்டே இருந்தார்கள்.

நேரில் போய் நிற்க ஒரே ஒரு ஆட்டம்தான் என்றால் நான் அந்த ரம்பத்துக்குள் போய் நிற்பேன். ஆனால் அதற்குத் தோள் வேண்டும், வரிசை வேண்டும். வீட்டுக்கு எடுத்து வர முடியாது. பாட்டாக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மிச்சிகன்தான். அதற்கு மைதானம்கூடத் தேவைப்படவில்லை. மிச்சிகனுக்காக ஃபுட்பால் ஆடி, பிறகு ஜனாதிபதியான ஜெரால்டு ஃபோர்டின் உடல் 2007 ஜனவரியில் அவருடைய ஊரான கிராண்ட் ரேப்பிட்ஸில் வந்து இறங்கியது. விமான நிலையத்தில் காத்திருந்த மிச்சிகன் பேண்டு வாசித்தது இந்தப் பாட்டைத்தான்.