தாழ்த்திய காருக்கு ஜாக்கி: பெட்டியில் போட்ட உயரத்தை மட்டும் நம்பாதீர்கள்

தாழ்ந்த காருக்கு அடியில் உருட்டி நுழைக்கும் லோ புரொஃபைல் ட்ராலி ஜாக்கிகளின் பெட்டிகளில் ஓர் எண் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். 75 மி.மீ., 85, 95 என்று ஏதாவது ஒன்று. சேடில், அதாவது காரைத் தொட்டுத் தாங்கும் வட்டத் தட்டு, முழுக்க இறங்கியிருக்கும்போது தரையிலிருந்து இருக்கும் உயரம் அது. சாதாரண ட்ராலி ஜாக்கியில் இது 130, 140 வரை போகும். பெட்டியில் போட்ட எண் பொய்யில்லை. ஆனால் அது ஜாக்கியின் மூக்கு நுனிக்கு மட்டும்தான் பொருந்தும். மூக்கு நுழைந்து உடம்பு நுழையாமல் பம்பருக்கு வெளியே நின்றுவிடும் ஜாக்கிகள் நிறைய உண்டு.

சேடிலுக்குப் பின்னால் தூக்கும் கை, அதற்குப் பின்னால் பக்கத் தகடுகள், கடைசியில் கைப்பிடி செருகும் கவை. பின்னே போகப்போக உயரம் கூடும். 75 மி.மீ. சேடில் உள்ள ஜாக்கியிலும் கவை இருக்குமிடம் 150 மி.மீ.க்கு மேல் இருக்கலாம். கதவுக்குக் கீழே உள்ள வெல்டு விளிம்பில் மட்டும் தூக்குவதானால் இது பெரிய சிக்கல் இல்லை. ஒரு கையகலம் உள்ளே போனால் போதும். முன்பக்கம் நடு கிராஸ் மெம்பரில், அதாவது காரின் அடியில் குறுக்காக ஓடும் சட்டத்தில், தூக்க வேண்டுமென்றால், பல கார்களில் பம்பர் நுனியிலிருந்து அரை மீட்டருக்கும் மேல் உள்ளே போக வேண்டும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: சேடிலிலிருந்து எவ்வளவு தூரம் வரை ஜாக்கியின் முதுகு தாழ்வாகவே இருக்கிறது?

இதை வாங்கும் முன்பே பார்த்துவிடலாம். கடையில் ஜாக்கியைப் பக்கவாட்டில் அளந்து, 100 மி.மீ. இடைவெளிக்கு ஒரு உயரம் குறித்துக்கொண்டு, பழைய அட்டைப் பெட்டியில் அந்த வடிவத்தை வெட்டி, காருக்கு அடியில் தள்ளிப் பாருங்கள். கைப்பிடி பம்பரைத் தொடாமல் எவ்வளவு ஆடும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கவை பம்பருக்கு அடியில் மாட்டும் குட்டை ஜாக்கியில் முழு அடி அடிக்க முடியாது. கால் அடி, அரை அடியாகவே கடைசிவரை பம்ப் செய்ய வேண்டியிருக்கும்.

காரை அளக்கும்போது பெரும்பாலோர் விடும் கணக்கு, பஞ்சர் ஆன நிலை. 225/40 ஆர்18 டயரின் பக்கச் சுவர் 90 மி.மீ. காற்று முழுக்க இறங்கினால் அந்த மூலை சுமார் 50 மி.மீ. தாழும். நல்ல டயரில் 125 மி.மீ. இருந்த விளிம்பு 75க்கு வந்துவிடும். வழியில் பஞ்சர் பார்க்கத்தான் ஜாக்கி என்றால் இந்த எண்ணை வைத்துத்தான் வாங்க வேண்டும். சேடில் மேல் வைக்கும் ரப்பர் பேடும் உயரத்தைத் தின்னும். வெல்டு விளிம்பு மடங்காமலிருக்க நடுவில் பள்ளம் வெட்டிய பேடு கட்டாயம் வேண்டும், அதன் தடிமன் 20, 25 மி.மீ. இருக்கும். பேடோடு சேர்த்துத்தான் அந்த 75 சொல்லப்பட்டதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இல்லை.

அதிகபட்ச உயரத்தைப் பற்றி விற்பவர்கள் அதிகம் வாய் திறப்பதில்லை. தாழ்வாக நுழையும் சிறிய ஜாக்கிகள் பல 350 மி.மீ. அளவிலேயே நின்றுவிடும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தூக்கிய காரைத் தாங்கி நிறுத்தும் ஸ்டாண்டின் குறைந்தபட்ச உயரம் 280 மி.மீ., விளிம்பு இப்போது இருப்பது 120. விளிம்பு 160 மி.மீ. எழ வேண்டும். முன்பக்கம் நடுவில் தூக்கும்போது கார் பின்சக்கரத்தை அச்சாக வைத்து எழுகிறது. பின் அச்சிலிருந்து கிராஸ் மெம்பர் 2500 மி.மீ., விளிம்பில் ஸ்டாண்டு வைக்கும் இடம் 2000 என்றால், விளிம்பு 160 எழுவதற்கு நடுவில் 200 எழ வேண்டும். கிராஸ் மெம்பர் 120ல் தொடங்கினால் 320. ஸ்டாண்டை நகர்த்தி வைக்க 30 மி.மீ. இடம் விட்டால் 350. ஜாக்கியின் உச்சமும் அதுவே! 450 மி.மீ.க்கு மேல் தூக்கும் ஜாக்கிதான் நிம்மதி. விளிம்பிலேயே தூக்கிக்கொள்ளலாமே என்றால், ஸ்டாண்டு வைக்க வேண்டிய இடத்தில் ஜாக்கி உட்கார்ந்திருக்கும். நீள ஜாக்கிக்குக் கூடுதல் காசு கொடுக்க இதுதான் காரணம், டன் கணக்கு இல்லை.

டன் கணக்கு உண்மையில் சின்ன விஷயம். 1400 கிலோ காரின் முன்பக்கம் 60 சதவீதம் என்று வைத்தாலும் 840 கிலோ. 2 டன் தாராளம். 3 டன் ஜாக்கியை வாங்குவது அதன் நீளமான சட்டத்துக்காகவும் அகலமான சக்கரத்துக்காகவும்தான்.

சக்கரம் என்றதும் ஒன்று. தூக்கும் கை வட்டப் பாதையில் எழுவதால் சேடில் மேலே போகும்போதே கைப்பிடிப் பக்கமாகவும் நகரும். 500 மி.மீ. கை கிடைமட்டத்திலிருந்து 45 டிகிரி எழுந்தால் உயரம் சுமார் 350, நகர்வு சுமார் 145. அந்த நகர்வுக்கு ஜாக்கி உருள வேண்டும். சரளையிலோ வெயிலில் இளகிய தாரிலோ சின்ன இரும்புச் சக்கரம் புதைந்து நின்றால், சேடில் வழுக்கும் அல்லது காரே இழுபடும். லோ புரொஃபைலில் சக்கரமும் சின்னதாகவே இருக்கும், அதனால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அடியில் 18 மி.மீ. பிளைவுட் போடலாம், ஆனால் கிடைத்த இடைவெளியில் 18 மி.மீ. போய்விடும். டயர்களுக்கு அடியில் 40 மி.மீ. பலகை போட்டு காரை அதன் மேல் ஏற்றிவிட்டால் இரண்டுக்கும் கணக்கு சரியாகும். வேலை முடிந்து இறக்கும்போது பலகைகள் அங்கேயே இருக்கட்டும். எடுத்துவிட்டு இறக்கினால் ஜாக்கி அடியில் சிக்கிக்கொள்ளும்.

இரும்பா, அலுமினியமா? வீட்டிலேயே இருக்கப் போவதென்றால் இரும்பு, நீள உடம்பு, இரட்டை பம்ப். 35 கிலோவுக்கு மேல் இருக்கும், இழுக்க எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் பாரத்தில் ஆடாமல் நிற்கும், முதுகும் தாழ்வு. டிக்கியில் தூக்கிப் போட வேண்டுமென்றால் 1.5 அல்லது 2 டன் அலுமினியம், 15லிருந்து 20 கிலோ. அதில் கவைக்கு அருகே உயரத்தை இன்னொரு தடவை பாருங்கள். அலுமினியத்தில் பலம் வேண்டித் தகட்டைத் தடிப்பாகச் செய்திருப்பார்கள், அந்தத் தடிமன் இடைவெளியில் கை வைக்கும். ரேஸ் ஜாக்கி என்ற பெயரில் வரும் குட்டை அலுமினியம் விளிம்புக்கு நல்லது, நடு கிராஸ் மெம்பருக்கு ஆகாது. காரோடு வரும் கத்தரி ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான்.

வாங்கும்போது வெறுமனே அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். பாரம் ஏற்றிச் சேடிலின் உயரத்தை டேப்பால் அளந்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிய இறங்கியிருந்தால் சீலிலோ வால்விலோ குறை. இறக்கும் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும்போது கார் மெல்ல இறங்க வேண்டும். மலிவு ஜாக்கிகள் சறுக்குவது இங்கேதான். கால் சுற்று வரை ஒன்றும் நடக்காது, அதற்குப் பிறகு தொப்பென்று விழும். தரையை உரசிக்கொண்டு நிற்கும் பம்பருக்கு இது ஆகாது. தகட்டில் ஈஎன் 1494 அல்லது ஏஎஸ்எம்ஈ பேஸ் தர முத்திரையையும் தேடுங்கள். மிகைபாரத் தடுப்பு வால்வின் திருகைத் தொடவே வேண்டாம்.

புது ஜாக்கி பஞ்சு மாதிரி அமுங்கினாலோ முழு உயரம் வராவிட்டாலோ உள்ளே காற்று இருக்கலாம். வால்வைத் திறந்துவைத்துப் பத்துப் பதினைந்து அடி அடித்து, மூடி, மறுபடி பாருங்கள். அப்படியும் வராவிட்டால் கை முழுக்க இறங்கிய நிலையில் ஆயில் அளவைப் பாருங்கள். ஐஎஸ்ஓ 22 அல்லது 32 ஹைட்ராலிக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயில் கிளைகால் வகை, ஜாக்கியின் நைட்ரைல் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

தூக்கும் முறையில் சொல்ல அதிகமில்லை. சக்கர நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே தளர்த்துங்கள். பின்பக்கம் தூக்கும்போது ஹேண்ட்பிரேக் பிடித்திருக்கும் சக்கரங்களே காற்றில் போய்விடும், ஆகவே முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை. ஆயில் சம்ப், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூடி ஆகியவற்றில் சேடிலை வைக்கவே கூடாது. ஸ்டாண்டில் ஏறும்வரை உடம்பில் எந்தப் பகுதியும் காருக்கு அடியில் போகக் கூடாது.