ராஸ்பெரி பை பைக்கோ: வாசல் வானிலைப் பெட்டிக்குப் போதுமா?

கோலாலம்பூர், செந்தூலில் உள்ள எங்கள் வீட்டு வாசலின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகியவற்றை நாள் முழுவதும் பதிவு செய்யும் பெட்டி ஒன்றைச் செய்வதற்காக, நிரல் ஏற்றிக் கருவிகளை இயக்கும் சிறு மின்னணுப் பலகையான ஆர்டுயினோ ஊனோவை விட்டுவிட்டு, அதே வகையைச் சேர்ந்த ராஸ்பெரி பை பைக்கோவுக்கு மாறினேன். வேகத்துக்காக மாறவில்லை, இணைப்பு வாயில்களுக்காக மாறினேன். ஊனோவின் ஏடிமெகா328பி சில்லில், தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பிப் பெறும் யுஏஆர்டி என்ற வாயில் ஒன்றுதான் உண்டு. கணினியுடன் பேசுவதற்கும் அதுவே வேண்டும் என்பதால், பெட்டியோடு சேர்க்கும் ஜிபிஎஸ் கருவியை அதில் மாட்டினால் நிரல் ஏற்றும்போதெல்லாம் கம்பியைக் கழற்ற வேண்டியிருக்கும். 2021 ஜனவரியில் 4 அமெரிக்க டாலருக்கு வெளிவந்த பைக்கோவின் ஆர்பி2040 சில்லிலோ யுஏஆர்டியும், கருவிகளை இணைக்கும் வேறு இரு வகை வாயில்களான எஸ்பிஐ, ஐ2சி ஆகியவையும் இரண்டிரண்டாக உள்ளன. கணினியுடன் பேசும் யுஎஸ்பி தனியாக இயங்குகிறது.

ஜிபிஎஸ் கருவி நொடிக்கு 9600 பிட் வேகத்தில் பேசுவது. இரு பக்கமும் அதே வேகத்தை வைத்து, ஒன்றின் அனுப்பும் முனையை மற்றதன் பெறும் முனையில் சேர்த்ததும் முதல் முயற்சியிலேயே ஓடியது. எஸ்பிஐயில் இணைத்த மெமரி கார்டும் தொல்லை தரவில்லை.

என்னை இரண்டு இரவு உட்கார வைத்தது ஐ2சி. சிறு ஓஎல்இடி திரையும் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் அளக்கும் பிஎம்இ280 உணரியும் ஒரே இரண்டு கம்பிகளில் இருந்தன; முகவரிகள் வேறு வேறு என்பதால் மேசைமேல் இரண்டும் ஒழுங்காகவே வேலை செய்தன. உணரியை 3 மீட்டர் கம்பியில் வாசலுக்குக் கொண்டுபோனதும் உணரியோடு திரையும் சேர்ந்து செயலிழந்தது. ஐ2சியில் கருவிகள் கம்பியின் மின்னழுத்தத்தைக் கீழே இழுக்க மட்டுமே செய்யும், மேலே ஏற்றுவது மின்தடையின் வேலை. கம்பி நீளும்போது அதன் மின்தேக்குத்திறன் கூடுவதால் அந்த ஏற்றம் மந்தமாகிறது. பைக்கோவுக்கு உள்ளேயே இருக்கும் மின்தடை 50 கிலோ ஓமுக்குக் குறையாதது; அவ்வளவு பெரிய மின்தடை மெதுவாகவே ஏற்றும் என்பதால் இதற்குப் போதாது. பசார் ரோட்டுக் கடை ஒன்றில் சில காசுக்கு வாங்கிய 2.2 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டைச் சேர்த்து, வேகத்தையும் 400 கிலோஹெர்ட்ஸிலிருந்து 100க்கு இறக்கிய பிறகுதான் எண்கள் வரத் தொடங்கின. இது பலகையின் குறையன்று. எந்தப் பலகையை வாங்கியிருந்தாலும் இதே பாடுதான்.

பலகையின் குறைகள் வேறு. முனைகளின் பெயர்கள் அடிப்பக்கத்தில் அச்சாகியிருப்பதால், பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் கம்பிகளைச் செருகும் துளைப் பலகை) செருகியதும் மறைந்துவிடுகின்றன. ரீசெட் பொத்தான் கிடையாது. முனைகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. ஊனோ காலத்து 5 வோல்ட் கருவிகளை மின்னழுத்த மாற்றி இல்லாமல் நேராக இணைத்தால் சில்லு பாழாகக்கூடும். பழைய உணரிகள் ஒரு டப்பா நிறைய வைத்திருப்போர் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

வாயில்கள் போதாவிட்டால், பிஐஓ எனப்படும் 8 சிறு நிலைப்பொறிகளை (சில்லுக்குள் குட்டி நிரல்களைத் தனியே ஓட்டும் பகுதிகள்) கொண்டு கூடுதல் யுஏஆர்டியையே நிரலால் உருவாக்கலாம். இந்த விலையில் வேறு பலகையில் நான் காணாத வசதி இது. ஆனால் இரண்டாவது யுஏஆர்டியே இன்னும் காலியாக இருப்பதால் நான் அதைத் தொடவில்லை. அடுத்து வாங்க நினைக்கும் காற்றுமானியும் அந்தக் காலி வாயிலுக்கே போகும்.