சுவரில் ஏறிய ஓதமும் உடைபடாமல் தப்பிய குளியலறையும்

இம்முறை ஊருக்குச் சென்ற மூன்று வார விடுமுறையில், ஒன்பது நாட்களை ஒரே ஒரு சுவருக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் பொருமி, விரல் பட்டாலே பட்டி மாவாக உதிர்ந்தது. உதிர்ந்த இடமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சிறுவயதில் நான் சாய்ந்து உட்கார்ந்து படித்த சுவர் அது.

முதலில் வந்த பிளம்பர் சுவரை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "தரை போயிருச்சு சார், டைல்ஸ் மொத்தத்தையும் உடைச்சிரணும்" என்றார். கூப்பிட்ட அன்று காலையிலேயே ஆள் வந்து நிற்பது, வெளிநாட்டில் பிளம்பருக்காக வாரக்கணக்கில் காத்திருந்தே பாதி வேலைகளைத் தாமே கற்றுக்கொண்ட என் போன்றோருக்குப் பெரிய வரம்தான். ஆனால் எங்கே கசிகிறது என்று தேடாமலேயே எல்லாவற்றையும் உடைக்கச் சொன்னதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நான் வாழும் வீட்டில் உட்சுவர் ஜிப்சம் பலகை. கத்தியால் ஒரு சதுரம் அறுத்து உள்ளே பார்த்துவிட்டு மறுநாள் ஒட்டிவிடலாம். இங்கோ செங்கல், பூச்சு, டைல்ஸ்; ஒரு முறை உடைத்தால் உடைத்ததுதான். ஆகவே உடைப்பதற்கு முன் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

மறுநாள் அப்பா அழைத்து வந்த முதியவர் கருவி எதையும் வெளியே எடுக்கவில்லை. ஒரு பென்சிலைக் கேட்டு வாங்கி, ஈரத்தின் விளிம்பை ஒட்டிச் சுவரில் கோடு இழுத்து, பக்கத்தில் தேதியை எழுதினார். "கோடு தாண்டுதா பாருங்க தம்பி, மத்தது அப்புறம்" என்றார்.

அன்றிரவு எல்லாக் குழாய்களையும், ஃபிளஷ் டேங்குக்கு நீர் விடும் ஆங்கிள் காக் வால்வையும் மூடி, மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து வைத்தோம், மோட்டாரும் போடவில்லை. காலையில் மட்டம் இறங்கவில்லை. எப்போதும் நீர் நிற்கும் குழாய்களில் பழுதில்லை என்று தெரிந்தது. அடுத்து, தரையின் கழிவுநீர்த் துவாரத்தைப் பாலிதீன் சுற்றிய துணியால் அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்கு நீர் கட்டி, 24 மணி நேரம் விட்டோம். கோடு அப்படியே இருந்தது. அடைப்பை எடுத்துவிட்டு வாளி வாளியாக ஊற்றியும் பார்த்தோம். கழிவுக் குழாயும் தப்பித்தது. முதல் பிளம்பர் சொன்னபடி செய்திருந்தால், குறையற்ற ஒரு தரையை உடைத்து எறிந்திருப்போம்.

விடை அப்பாவின் வாயிலிருந்து தற்செயலாக வந்தது. "போன தடவை நீ வந்தப்பவும் இப்படித்தான் நனைஞ்சுது, நீ போனதும் தானா காஞ்சிருச்சு" என்றார். முதியவர் நிமிர்ந்து பார்த்து, "வீட்டுல யாரு ஷவர்ல குளிக்கிறது?" என்று கேட்டார். அப்பாவும் அம்மாவும் வாளியில் பிடித்துத்தான் குளிப்பார்கள். ஷவர் எனக்கு மட்டும். ஷவர் வால்வுக்கு மேலே சுவருக்குள் ஏறும் குழாயில், வால்வைத் திறந்தால்தான் நீர் ஏறும். அதனால்தான் இரவெல்லாம் தொட்டியைக் காவல் காத்தும் அது பிடிபடவில்லை. ஷவரைக் கழற்றி, குழாயின் வாயை டம்மி என்னும் அடைப்பு மூடியால் மூடி, வால்வைத் திறந்து வைத்தோம். ஒரு மணி நேரத்துக்குள் ஈரம் பென்சில் கோட்டைத் தாண்டியது.

ஒரே ஒரு டைல்ஸை எடுத்துப் பார்த்தபோது, குழாய் வளையும் இடத்தில் பொருத்திய பிளாஸ்டிக் எல்போவில் மயிரிழைபோல ஒரு விரிசல். தலைக்கு மேலே கசிந்த நீர், குழாய்க்காக வெட்டிய காடி வழியே இறங்கி அடியில் தேங்கியிருக்கிறது. ஈரம் தெரிந்த இடம் வேறு, ஓட்டை இருந்த இடம் வேறு. அந்த ஷவரைச் சென்ற பயணத்தில் மாட்டியவன் நான்தான். வெளிநாட்டில் என் வீட்டில், மரச்சட்டத்தில் திருகி நிறுத்திய பித்தளை எல்போவில் ஸ்பேனர் போட்டு முழுப் பலத்துடன் இறுக்கிப் பழகிய கை, இங்கும் அதையே செய்துவிட்டது. டெஃப்ளான் டேப்பைத் தடிமனாகச் சுற்றிய உலோக மரை, பிளாஸ்டிக்குக்குள் ஆப்பு இறங்குவதுபோல இறங்கிப் பிளந்திருக்கிறது. கைக்கு இறுகிய பின் ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு போதும் என்று முதியவர் தம் கையாலேயே திருப்பிக் காட்டினார். நனைந்து காய்ந்த அந்தச் சுவருக்குப் பக்கத்தில் பெற்றோர் இத்தனை மாதம் உறங்கியதை நினைத்து எனக்கு மனம் கனத்தது.

உட்புறம் பித்தளை மரை வைத்த எல்போவைப் பொருத்தி, மீண்டும் டம்மி போட்டு, வால்வைத் திறந்து குழாயில் இரண்டு நாள் நீரைத் தேக்கிப் பார்த்த பிறகே டைல்ஸைப் பதித்தார்.

உடனே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போகலாம் என்ற என் அவசரத்தையும் அவர் தடுத்துவிட்டார்; அது சரிதான். செங்கல்லிலும் சிமென்டிலும் உள்ள உப்பைக் கரைத்து வரும் ஈரம், மேற்பரப்பில் காயும்போது உப்பை விட்டுச் செல்கிறது. ஈரம் உள்ளே இருக்க மேலே மூடினால் புதுப் பெயிண்டும் பொருமும். உப்பைக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும் என்பதால், உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து மட்டும் எடுத்தேன். ஈரச் சுவர் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். நாலரை அங்குலச் சுவர், பொருமிய பூச்சைக் கொத்தி எடுத்த பிறகும் அவசரப்படாது.

கிளம்பும் நாள் காலையில் அதே பென்சிலால் சுருங்கியிருந்த ஈரத்தின் விளிம்பில் இன்னொரு கோடு இழுத்துத் தேதி போட்டேன். பழைய கோட்டுக்கும் அதற்கும் நடுவே நான்கு விரல் அகலம் காய்ந்திருந்தது.